ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சித்தி

சித்தி எவ்வளவு அழலாம்? அம்மாவைவிடக் கொஞ்சம் குறைவாக. அழவே இல்லை என்றால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். அதிகம் அழுதால் இவளுக்கு எதற்கு இத்தனை என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணில் நீர் நிறையலாம், வழியக் கூடாது. வழிந்துவிட்டால் விரல் நுனியால் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது கேட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால் நிற்க வேண்டும். தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண்ணின் கன்னத்தில் சந்தனம் தடவலாம். ஆனால் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

தையல் இயந்திரம் நின்றுபோயிருப்பதை உமாராணி அப்போதுதான் கவனித்தாள். மிதியிலிருந்து கால் எப்போது விலகியது என்று தெரியவில்லை. ஊசிக்கு அடியில் பாதி தைத்த ரவிக்கை கிடந்தது. மாம்பழ நிறம், கைப்பகுதியில் சிவப்பு ஓரம். ஏழு மாத வயிற்றுக்கு ஏற்ப இடுப்பில் தளர்த்தி வெட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவில், அருணாவின் ஃபிளாட்டில் வளைகாப்பு. மாமனாரும் மாமியாரும் தேனியிலிருந்து விசிட் விசாவில் வந்துவிட்டார்கள். பெண்ணின் அம்மாவாக உமாராணியின் அக்கா வடிவு வந்து இறங்கியிருந்தாள். சித்தியாக உமாராணி வரவேண்டும் என்று திங்கட்கிழமை போனில் அருணா கேட்டிருந்தாள். அருணா உமாராணி பெற்ற பெண்.

உமாராணி சரி என்றுதான் சொல்லியிருந்தாள். எந்த வேஷத்துக்கும் முதலில் சரி என்று சொல்லிவிடுவது அவள் வழக்கம். சொன்ன பிறகுதான் அந்த மனுஷி யார், என்ன சாப்பிடுவாள், எந்தக் காலில் வலி என்றெல்லாம் யோசிக்கத் தொடங்குவாள்.

“என்ன உமாக்கா, மெஷினு நின்னுருச்சு? அடுத்த படமா?” என்றார் கடையின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த மூசா பாய். கீழக்கரைக்காரர். துபாயின் சத்வா பகுதியில் இந்தத் தையல் கடையைத் தொடங்கி முப்பது வருடங்கள் ஆகின்றன. உமாராணியின் விசா இப்போது இந்தக் கடையின் பேரில்தான் இருக்கிறது.

“நூலு அறுந்துருச்சு பாய்.”

“இந்த வருசம் எத்தன புள்ள பெத்தீங்க?”

“மூணு. அதுல ஒண்ணு சைட்டுல சாரத்துலருந்து விழுந்து செத்துப்போச்சு.”

“அடப்பாவமே. மத்த ரெண்டும் போன் பண்ணுதுகளா?”

“அதுங்க போன் பண்ணாம எனக்கு ஏது பாய் வேஷம்?”

மூசா பாய் சிரித்துக்கொண்டே கணக்கில்லாமல் கிடந்த பித்தான்களை அளவு வாரியாகப் பிரிக்கத் தொடங்கினார். அவரைப் பொறுத்தவரை அருணா உமாராணியின் அக்கா மகள். நல்ல பெண். வந்தால் சலாம் சொல்லும்.

*

பதினான்கு ஆண்டுகள் அவள் பெயர் ஸ்வேதா. தேராவில் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலின் தரைத்தளத்துக்குக் கீழே தமிழ்ப் பாட்டு பாடும் பார் இருந்தது. மேடையில் ஆறு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பெயர். ஒருத்தி ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால் அடுத்து வருகிறவளுக்கு நாற்காலியோடு அந்தப் பெயரும் வந்துவிடும். வாடிக்கையாளர்கள் பெயரைச் சொல்லித்தான் பாட்டு கேட்பார்கள், பெயர் மாறினால் வியாபாரம் கெடும் என்பது இசைக்குழுவை நடத்திய மாஸ்டரின் கட்சி. உமாராணிக்கு முன்னால் இரண்டு ஸ்வேதாக்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி விட்டுப்போன சீப்பு மட்டும் இழுப்பறையில் கிடந்தது. அதில் சிக்கியிருந்த முடியை எடுத்துப் போட்டுவிட்டு உமாராணி தலை வாரிக்கொண்டாள்.

அதற்கு முன் அவள் திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தாள். டிரம்ஸ் வாசித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அருணாவுக்கு இரண்டு வயதானபோது அவன் வேறொரு குழுவின் பாடகியோடு போய்விட்டான். ஒரு வருஷம் கழித்து, சென்னையிலிருந்து வந்த ஏஜென்ட் குரலைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். ஆனால் கல்யாணமாகாத பெண்களைத்தான் ஆர்ட்டிஸ்ட் விசாவில் எடுப்பார்கள், பிள்ளை குட்டி என்று ஒரு பேச்சு வந்தாலும் ஹோட்டலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான்.

வடிவுக்குப் பிள்ளை இல்லை. அந்த மாதம்தான் ரேஷன் கார்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அருணாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்திருக்கவே இல்லை. வடிவின் கார்டில், மகள் என்ற இடத்தில், அருணாவின் பெயரை எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்குத்தானே, திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். கார்டைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்து ஆதாரில் எழுதினார்கள். ஆதாரைப் பார்த்து பாஸ்போர்ட் வந்தது. ஒவ்வொரு காகிதமும் அதற்கு முந்தைய காகிதத்துக்கு சாட்சி சொல்லியது. உமாராணிக்கு சாட்சி சொல்ல ஒரு காகிதமும் இல்லாமல் போயிற்று.

பாரில் அவளிடம் அதிகம் கேட்டது காதல் பாட்டுகளை அல்ல, அம்மா பாட்டுகளை. மறுநாள் விமானம் ஏறப்போகிறவர்கள் கேட்பார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்த முதல் வாரத்தில் இருப்பவர்கள் இன்னும் பிடிவாதமாகக் கேட்பார்கள். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவன், பாட்டு முடிந்ததும் காசு கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பூமாலைக்குச் சொல்வான். வெயிட்டர் அதைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போடுவான். அவள் அந்த மேசைப் பக்கம் தலையைச் சாய்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. சில நாள் மாலைகள் மூக்குவரை ஏறிவிடும். அவற்றுக்கு மேலாக, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டும் வரிகளை அவள் பாடினாள். கீழே ஆண்கள் அழுதார்கள். அவள் அழுததில்லை. பாடுகிறவள் அழுதால் மூச்சு கெட்டுவிடும்.

உடை மாற்றும் அறை ஒன்றுதான். அதைப் பன்னிரண்டாம் மாடி லவுஞ்சில் பாடும் உர்சுலாவோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. உர்சுலா ஜெர்மன்காரி. உமாராணியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தன்னுடைய ஊரில் நிலவறை போன்ற ஒரு சின்ன அரங்கில், அறுபது பேருக்கு முன்னால், பாட்டும் கிண்டலுமாக ஒரு நிகழ்ச்சி நடத்தியவள். மேயரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு, சபையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. அதுதான் கபரே, நீ நினைப்பதுபோல இறகு வைத்துக்கொண்டு ஆடுவதல்ல என்று அவள் சொன்னபோது உமாராணிக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பகலில் டெலிவிஷன் தொடர்களில் சின்னச் சின்ன வேஷங்கள். நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, பிணத்தை முதலில் பார்க்கிறவள். அரங்கை மூடிவிட்டார்கள். கல்யாணமும் முடிந்துபோயிற்று. ஆறு மாத ஒப்பந்தத்தில் துபாய் வந்தவள் எட்டு வருஷம் இருந்தாள். அவளுடைய ஆங்கிலமும் உமாராணியின் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் இருவருக்கும் பேச்சு சுலபமாக இருந்தது.

ஒருநாள் தன் லேப்டாப்பில் பழைய காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். போலீஸ்காரர்கள் மணியடிக்கிறார்கள். உர்சுலா கதவைத் திறக்கிறாள். இரண்டு வார்த்தை சொல்கிறாள். மூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் கொஞ்ச நேரம் முன்புவரை எதற்கோ அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள் என்பது உமாராணிக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. காதோரம் முடி ஈரமாக இருந்ததா? உர்சுலா மகிழ்ந்துபோனாள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு மாதம் யோசித்தேன், இன்றுவரை ஒருத்தரும் கவனித்துச் சொன்னதில்லை என்றாள்.

உமாராணியின் மேக்கப் பெட்டியின் மூடிக்குள் அருணாவின் படம் ஒட்டியிருந்தது. இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை. இது யார் என்று ஒருமுறை உர்சுலா கேட்டாள். அக்கா மகள் என்றாள் உமாராணி. உர்சுலா படத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் தெரிந்த உமாராணியைப் பார்த்தாள். நன்றாகச் சொன்னாய் என்றாள். ஒரு நடிகை இன்னொரு நடிகையிடம் சொல்வது போல, கேலியில்லாமல். அப்போது அந்த அறையில் வேறு யாரும் இல்லை. மறைக்க வேண்டிய ஏஜென்டோ மாஸ்டரோ இல்லை. தமிழ் தெரிந்தவர்கள்கூட இல்லை. ஒரே ஒரு ஆளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அது எங்காவது ஒரு இடத்தில் உண்மையாக இருந்திருக்கும். உமாராணி கண் மை எழுதத் தொடங்கிவிட்டாள்.

உர்சுலா பாடி அவள் முழுதாகக் கேட்டதில்லை. கீழே பாடுகிறவர்கள் லவுஞ்சுக்குப் போகக் கூடாது. 2011-ல் அவளுடைய கடைசி நாளன்றும் உமாராணி போகவில்லை. கேட்டிருந்தால் மாஸ்டர் ஒரு பத்து நிமிடம் விட்டிருக்கலாம். கேட்கவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம், லவுஞ்சில் கீபோர்டு வாசித்த பிலிப்பைன்ஸ்காரர் ஒரு செய்தித் துணுக்கை அனுப்பினார். உர்சுலா இறந்துவிட்டாள். அவளுடைய ஊர்ப் பத்திரிகையில் வந்த குறிப்பை உமாராணி போனில் மொழிபெயர்த்துப் படித்தாள். கபரே பாடகி, குணச்சித்திர நடிகை என்று தொடங்கியது. அவள் ஏற்ற வேஷங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. நர்ஸ், வீட்டுக்காரம்மா, டிக்கெட் கிழிக்கிறவள், கதவைத் திறக்கும் பெண். துபாயின் எட்டு வருஷங்களுக்கு ‘சில காலம் வெளிநாட்டில்’ என்று மூன்று வார்த்தை. யாருடைய மகள், யாருடைய தாய் என்ற விவரம் எதுவும் இல்லை. உமாராணி அந்தப் பட்டியலை இரண்டு மூன்று தடவை படித்தாள். அத்தனை வேஷங்களுக்கும் கீழே அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது.

*

ஹோட்டல் விசா மூன்று மாதத்துக்குத்தான். முடிந்ததும் ஊருக்குப் போய் இருபது நாள், ஒரு மாதம் இருந்துவிட்டு மறுபடி வரவேண்டும். முதல் தடவை போனபோது அருணாவுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பினால் அது ஏஜென்ட் காதுக்குப் போகும். உமாராணி குழந்தையை மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். யாராவது இருந்தா சித்தி. யாரும் இல்லேன்னா அம்மா. சரியாகச் சொன்னால் துபாய் மிட்டாய் ஒன்று.

மூன்று நாளில் கற்றுக்கொண்டாள். அப்புறம் அவளே மெருகேற்றத் தொடங்கினாள். கூப்பிடும் முன் அறையை ஒரு சுற்று பார்ப்பாள். கதவைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். பிறகுதான் வாய் திறப்பாள். பாத்ரூமில் குளிப்பாட்டும்போதும் அப்படிப் பார்த்தாள். அதைக் கண்டு உமாராணியும் வடிவும் சிரித்தார்கள். கெட்டிக்காரி என்றார்கள்.

திருச்சி விமான நிலையத்தில் ஒருமுறை தவறிவிட்டது. அருணாவுக்கு அப்போது ஆறு வயது. ஏஜென்டின் ஆள் பக்கத்தில் நின்றான், கூடப் பறக்கப்போகிற இரண்டு பெண்களும் நின்றார்கள். உமாராணி உள்ளே போகத் திரும்பியதும் குழந்தை அம்மா என்று கத்திக்கொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. உமாராணி குனிந்து அணைப்பதுபோல அணைத்து, மேல்கையின் உட்பக்கத்தில் கிள்ளினாள். பலமாகத்தான் கிள்ளினாள். அருணா ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, அந்த ஆளைப் பார்த்து, சித்தி டாட்டா என்று சொல்லிச் சிரித்தாள்.

உமாராணி பிற்பாடு நிறைய சிரிப்புகள் சிரித்திருக்கிறாள், மேடையில், கேமரா முன்னால். அந்த ஆறு வயதுச் சிரிப்புக்குப் பக்கத்தில் ஒன்றும் நிற்காது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் விரல்கள்தான் ஞாபகம் வரும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்.

நாற்பதைத் தாண்டியதும் ஸ்வேதாவின் நாற்காலி வேறொருத்திக்குப் போயிற்று. மூசா பாய் கடையில் வேலை கிடைத்தது. அந்தச் சமயத்தில் கேம்ப்பில் இருந்த பையன்கள் சிலர் போனிலேயே குறும்படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் மகன் சோனாப்பூரில் இருப்பான், அம்மா ஊரில் போனில் பேசுவாள். அம்மாவுக்கு ஆள் வேண்டும். சத்வாவில் யாருடைய ரூமிலாவது கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவரில் ஒரு முருகன் காலண்டரை மாட்டி, அதை ஊராக்கிவிடுவார்கள். உமாராணி தலையில் பவுடர் தூவிக்கொண்டு, மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு கவரிங் தாலியைப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, எதிர்முனையில் யாரும் இல்லாத போனைக் காதில் வைத்துக்கொள்வாள். சாப்பிட்டியாப்பா என்பாள். அதற்கே எடுப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பத்து வருடத்தில் முப்பதுக்கு மேல் படங்கள். இரண்டு விளம்பரம், தமிழ்ச் சங்க நாடகங்கள், சென்னையிலிருந்து வந்து எடுத்த ஒரு பெரிய படத்தில் ஒரு காட்சி. எல்லாவற்றிலும் அம்மா. கடைத்தெருவில் சிலர் அவளை நிறுத்தி, எங்கம்மா மாதிரியே இருக்கீங்க என்பார்கள்.

அருணாவின் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் எங்கே நிறுத்துவது என்று வடிவு ஒருமுறை போனில் முனகினாள், அவ்வளவுதான். லீவு கிடைக்கவில்லை என்று உமாராணி சொல்லிவிட்டாள். தாலி கட்டும் வீடியோவைக் கடையின் பின்பக்கம் நின்று பார்த்தாள். பெண்ணுக்குப் பக்கத்தில் வடிவு அழுதுகொண்டிருந்தாள். உண்மையான அழுகை. வளர்த்தவள் அல்லவா. அதில் குறை சொல்ல உமாராணிக்கு ஒன்றும் இல்லை.

பிறகு அருணாவின் கணவன் அருள்முருகனுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்து, இருவரும் இங்கே வந்தார்கள். வாரக் கடைசியில் சத்வாவுக்கு வருவார்கள். அவன் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் அருணா அவளை அம்மா என்று கூப்பிடுவாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் சித்தி என்பாள். அந்தப் பத்து நிமிடங்களுக்காக உமாராணி வாரம் முழுவதும் காத்திருந்தாள். அது போதும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை பிற்பகல் அருணா வந்தாள். நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் ஃபிளாட்டில் உமாராணியின் பங்கு, பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும். மற்ற மூவரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். அருணா மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதம் வீங்கியிருந்தது. உமாராணி கீழே உட்கார்ந்து அதைப் பிடித்துவிட்டாள். ரவிக்கையைப் போட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. கண்ணாடி வளையல்கள் ஆறு டஜன், ஏழு வகைச் சாதத்துக்கான பட்டியல், வேப்பிலைக் காப்புக்கு இந்தத் தெருமுனை மரத்திலேயே ஒடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லாம் பேசி முடித்தார்கள். முதல் வளையலைப் பெற்றவள் போடுவது அருள்முருகன் வீட்டு வழக்கமாம். வடிவு போடுவாள். இரண்டாவது மாமியார். மூன்றாவது சித்தி.

அதைச் சொல்லும்போது அருணா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னொண்ணும்மா. அத்தை நேத்து கேட்டாங்க, உங்க சித்தப்பா என்ன பண்றாருன்னு. தனியா இருக்கறவங்க வளையல் போட்டா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. நான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். ஓமன்ல, சோஹார் போர்ட்ல வேலை பாக்கறாருன்னு.”

உமாராணி வளையல்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள்.

“உன்கிட்ட ஒரு தாலி இருக்குல்ல? படத்துக்குப் போடுவியே. அதை மட்டும் போட்டுக்கோ. ஒரு ரெண்டு மணி நேரம்தான். உனக்கு என்னம்மா, இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.”

அலமாரியின் கீழ்த்தட்டில் வேஷப் பொருள்கள் இருந்த டப்பாவை உமாராணி எடுத்தாள். தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணாடி பார்க்கவில்லை. ஒரு கணம் சும்மா நின்றாள். பிறகு தோள் சற்று இறங்கியது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, குரல் அரை ஸ்ருதி மேலே போயிற்று.

“வாங்கக்கா, பிரயாணமெல்லாம் சௌகரியமா? அவருக்கு வரணும்னு கொள்ளை ஆசை. கப்பல் வந்து நிக்குது, இப்பப் போய் லீவு கேட்டா மேனேஜர் கடிச்சுக் கொதறிருவான். காலையிலயே போன்ல புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணிட்டாரு. எங்களுக்குன்னு ஒண்ணு இல்லையா, அருணான்னா அவருக்கு உசுரு.” நிறுத்தி, தாலியைக் கண்ணில் ஒற்றி, உள்ளே தள்ளிக்கொண்டு, “எங்கக்கா குடுத்து வெச்சவ” என்றாள்.

அந்தக் கடைசி வரியில் ஒரு துளி பொறாமை இருந்தது. பிள்ளையில்லாத தங்கைக்கு அக்காமேல் இருக்கக்கூடியது. அது எங்கிருந்து வந்தது என்று உமாராணி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அருணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பல நாள் பயம் இறங்கிப்போன சிரிப்பு.

“ஐயோ அம்மா. அப்படியே இருக்க. எனக்கே நீ என்னைப் பெத்தவ இல்லையோன்னு தோணிருச்சு.”

போன் அடித்தது. கீழே அருள்முருகன் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். அருணா எடுத்தாள். சித்தி வீட்லதாங்க இருக்கேன், பத்து நிமிசத்துல எறங்கிர்றேன் என்றாள். பேசுவதற்கு முன்னால் அவள் கண்கள் ஒரு சுற்று சுற்றின. கதவு, ஜன்னல், பலகைத் தடுப்பு. இருபத்தேழு வயதுப் பெண், வயிற்றில் ஒரு பிள்ளையோடு, யாருமில்லாத அறையில் அப்படிப் பார்த்தாள். பார்த்தது அவளுக்கே தெரியாது.

உமாராணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் நாளைக்குப் போவாள். மிக நன்றாகச் செய்வாள். மாமியாருக்குப் பிடித்துப்போகும். அடுத்து பிரசவத்துக்கு ஒரு சித்தி, பேர் வைக்க ஒரு சித்தி. பிறக்கும் பிள்ளை அவளைச் சின்னப் பாட்டி என்று கூப்பிடும். அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டியிருக்காது. அதுவரை அவளுக்கு வந்த எல்லா வேஷத்திலும் அவளுக்கென்று ஓரிடத்தில் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. யாரும் இல்லாத போனில்கூட, சாப்பிட்டியா என்று அவள் கேட்டது அருணாவைத்தான். இந்த வேஷத்தில் அந்த மிச்சம் இருக்காது.

தாலியைக் கழற்றினாள்.

“நாளைக்கு நான் வரல கண்ணு.”

அருணாவுக்கு முதலில் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பிறகு புரிந்தது. முகம் சிவந்தது. ஒரு சித்தி இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, துபாயிலேயே இருந்துகொண்டு அவள் வரவில்லை என்றால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போது எல்லாரிடமும் சொல்லிவிடப் போகிறாயா என்று கேட்டாள். அருளுக்குத் தெரிந்தால் தன் நிலைமை என்ன என்று கேட்கும்போது குரல் உடைந்தது.

“நான் யாருகிட்டயும் எதையும் சொல்லப் போறதில்ல. அக்கா உக்காரட்டும். அவ வளத்தவ, அவளுக்கு அது தகும். சாதமெல்லாம் கிண்டி காலையில ஏழு மணிக்கு அனுப்பிர்றேன். எனக்கு ஷூட்டிங்குன்னு சொல்லிக்கோ, காய்ச்சல்னு சொல்லிக்கோ. என்ன வேணாலும் சொல்லு.”

“சித்தியா வர்றதுல உனக்கு என்னம்மா கொறைஞ்சு போகுது?”

உமாராணி தாலியைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினாள்.

அருணா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோபமில்லாமல், மெதுவாகச் சொன்னாள். “எனக்கு நாலு வயசும்மா. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம செஞ்சேன். எத்தனை வருசம் செஞ்சேன். எனக்காக நீ ஒரே ஒரு நாள் செய்ய மாட்டியா?”

இந்தக் கேள்வி என்றாவது வரும் என்று உமாராணிக்குத் தெரியும். கோபத்தோடு வரும் என்று நினைத்திருந்தாள். அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தாள். விசா, ஏஜென்ட், ரேஷன் கார்டு, அப்பன் ஓடிப்போனது. அந்தப் பதிலில் இப்போது எதுவும் பயன்படவில்லை.

“செஞ்ச. ரொம்ப நல்லா செஞ்ச,” என்றாள். “உன்னை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

“அதுக்கு இதுவா பதிலு?”

“எனக்கு வேற பதில் தெரியல.”

கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. அருணா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உமாராணி ரவிக்கையை மடித்து, வளையல் பெட்டிகளோடு ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னாள்.

வாசலில் அருணா திரும்பினாள். வராண்டாவில் எதிர் ஃபிளாட்டின் பத்ருன்னிசா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அருணா அவளைப் பார்த்தாள்.

“நாளைக்கு வந்துருங்க சித்தி. பத்து மணிக்கெல்லாம்.”

“இல்லம்மா,” என்றாள் உமாராணி. “நான் வரல.”